பனங்காய் போட்டுக் கழுவிய கார்

காரைக் கழுவுவது என்று முடிவெடுத்தது நான்தான். என் புருசன் ஒரு கிழமையாக அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஐயா வயலுக்கு வராத நாளாகப் பார்ப்போம் என்றார். பிறகு, ஐயா கோயில் கூட்டத்துக்குப் போகிற நாளாகப் பார்ப்போம் என்றார். எங்கள் காரை எங்கள் வாசலில் வைத்துக் கழுவ இன்னொரு மனிசன் இல்லாத நேரம் எதற்கு என்று கேட்டேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஐயா என்று அவர் சொன்னது கமக்காரரை. கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற குடியேற்றத் திட்டத்தில் அவருக்கு வயல் இருந்தது, மேட்டுக்காணி இருந்தது, உழவு மெஷின் இருந்தது. அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் காணி எடுத்தவர் என்று சொல்வார்கள். கோடரி பிடித்தவர்கள் யார் என்று யாரும் சொல்வதில்லை. நாங்கள் மலையில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். கலவரத்தில் எங்கள் லயத்து வீடுகளைக் கொளுத்தி விரட்டியபோது நான் பத்து வயதுப் பிள்ளை. என் புருசனும் அப்படித்தான் வந்தவர். பதினொரு வருசமாக அவர் கமக்காரரின் மெஷின்தான் ஓட்டினார். கமக்காரரின் மேட்டுக்காணியில் வேலியோரமாக ஒரு துண்டில் எங்கள் வீடு. மண்சுவர், கிடுகுக் கூரை. காணிக்குக் காகிதம் இல்லை. "இருந்திட்டுப் போங்கோ" என்று கமக்காரரின் தகப்பன் எப்போதோ சொன்ன வார்த்தைதான் எங்களிடம் இருந்தது.

கார் கமக்காரரின் தமையனுடையது. அவர் ஓய்வு பெற்ற வாத்தியார். காணிப் பிரிவினையில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பேச்சு நின்று பல வருசம். சண்டையில் தடை போட்டு வன்னிக்குள் பெற்றோல் வராமல் போனதும் வாத்தியார் காரைக் கொட்டிலில் ஏற்றி, நாலு பக்கமும் கல் வைத்து, சாக்கால் மூடிவிட்டார். நாலு வருசம் அப்படியே நின்றது. வெளிநாட்டில் இருந்த மகன் கூப்பிட்டு அவர் கொழும்புக்குப் புறப்படும்போது, தம்பியைக் கேட்காமல் என் புருசனைக் கூப்பிட்டு, "நீ எடுக்கிறியோ?" என்று கேட்டார். தம்பி மேல் இருந்த கோபத்தில்தான் கேட்டார். அது எங்களுக்கு அப்போதே தெரியும். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன். மண்ணெண்ணெயில் ஓட வைத்தால் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றலாம், கலியாணம் காட்சிக்கு ஓடலாம், இனி யாருடைய மெஷினிலும் ஏறத் தேவையில்லை என்று நினைத்தேன்.

அதை வீட்டுக்குக் கொண்டுவர மெஷினால் ஒருதரம் இழுத்துத் தரச் சொல்லி என் புருசன் கமக்காரரிடம் கேட்கப் போனார். போக வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை. கமக்காரர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே, "என்ரை மெஷினாலை அண்ணேன்ரை குப்பையை இழுக்கிறதோ?" என்று கேட்டாராம். இவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார். கடைசியில் எங்கள் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்றரை மைல் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாசலில் நின்ற அந்தச் சாமானைப் பார்த்தபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மலையில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்துத் துரையின் கார் ரோட்டில் வந்தால் நாங்கள் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். செருப்பில்லாத கால் சேற்றில் புதைய, கார் போய் மறையும்வரை நிற்போம். காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கழுவுவது எப்படி என்று தெரியாது. சட்டி பானை தெரியும், மாடு தெரியும், துணி தெரியும். மூன்றையும் சேர்த்துச் செய்தால் சரி என்று நினைத்தேன்.

ஆடி முடிந்து ஆவணி தொடங்கியிருந்தது. ஒரு புதன்கிழமை விடிந்ததும் மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுச் சேலையை வரிந்து கட்டினேன். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் என் புருசன் நின்றார். அதற்காகக் கமக்காரரிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "காய்ச்சல்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

"காய்ச்சக்காரன் வாசல்ல நின்னு கார் கழுவுறத அவரு பாக்க மாட்டாரா?"

"அதான் சொல்றேன், சுருக்கா முடிச்சிரு."

முதலில் சீற்றுகளைக் கழற்றி வெளியே எடுத்தார். பின் சீற்றில் கோழி முட்டையிட்டு அடைகாத்த அடையாளம் இருந்தது. பொரித்த கோது, இறகு, காய்ந்த எச்சம். சீற்றுக்குக் கீழே எலி தும்பை உருவிக் கூடு கட்டியிருந்தது. கூட்டுக்குள் கண் திறக்காத குஞ்சுகள் ஐந்தாறு. அவற்றைத் தகரத்தில் அள்ளி வேலிக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தேன். மூத்திர மணம் மூக்கில் அடித்தது. இதற்கா என் சங்கிலி போனது என்று ஒருதரம் நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிசமே அவர் காரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றிருப்பார்.

சவர்க்காரம் கிடைக்காத காலம். கிடைத்தாலும் வாங்க முடியாது. வீட்டில் பாதிக் கட்டி இருந்தது, அது மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு. ஊரே பனங்காய் போட்டுத்தான் துணி தோய்த்தது. நானும் முதல் நாள் விழுந்த பனங்காய்கள் மூன்றைச் சுட்டு, பிசைந்து, களியைத் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தேன். நல்லாக நுரைக்கும். கை நாள் முழுக்க மஞ்சளாக இருக்கும், ஈ மொய்க்கும். கழுவிய காருக்கும் ஈ மொய்க்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தண்ணீருக்குக் கமக்காரரின் கிணறு. எங்கள் வீட்டிலிருந்து ஐம்பது அடி தூரம். பத்து வருசமாக அதில்தான் அள்ளினோம். நாலாவது வாளி அள்ளும்போது கமக்காரரின் மனுசி வந்தா. குளித்து, தலையில் துவாய் கட்டி, பூப்பறிக்கிற தட்டோடு வந்து கிணற்றுக்கட்டில் நின்று என்னைப் பார்த்தா.

"என்ன பிள்ளை, இண்டைக்குத் தண்ணி கனக்கப் போகுது?"

"கார் கழுவுறோம்மா."

"உது குடிக்கிற கிணறு. கார் கழுவுற கிணறில்லை. விளங்குதே?"

"ஒங்க மெஷின இதே தண்ணியிலதானம்மா அவரு கழுவுனாரு. வாரத்துக்கு ஒருதரம். நான்தான் அள்ளிக் குடுத்தேன்."

அவாவுக்கு முகம் சிவந்தது. "அது எங்கடை மெஷின், எங்கடை கிணறு. வாய் நீளுது உனக்கு." தட்டைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுக் கப்பியிலிருந்து கயிற்றை உருவினா. கிணற்று வாளியையும் கயிற்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டா. நான் என் வாளியில் பாதித் தண்ணீரோடு நின்றேன். அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்குள்ளேயே திருப்பி ஊற்றலாமா என்று தோன்றியது. ஊற்றவில்லை. தூக்கிக்கொண்டு போய்க் காரின் தலையில் ஊற்றினேன்.

வாய்க்கால் கால் மைல் தூரம். என் புருசன் சைக்கிளில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கான் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார். ஒவ்வொருதரமும் திரும்பி வரும்போது கமக்காரர் வருகிற ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டே வருவார். அவர் கொண்டுவரும் தண்ணீர் பாதி வழியிலேயே சிந்திவிடும். நான் தேய்த்தேன். மூன்றாவது தண்ணீருக்குத்தான் நிறம் தெரிந்தது. கார் பச்சை. கரும்பச்சை. அதுவரை அது சாம்பல் நிறம் என்று நினைத்திருந்தேன்.

பச்சையைக் கண்டதும் என் புருசனுக்கும் கொஞ்சம் உசார் வந்தது. மட்காட்டில் தார் பிடித்திருந்த இடத்தைத் தேங்காய்த் தும்பில் மணல் தொட்டுத் தேய்க்கத் தொடங்கினார். நான் மற்றப் பக்கத்திலிருந்து வந்து பார்ப்பதற்குள் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை போய் உள்ளே இருந்த செம்மண் நிறம் தெரிந்தது.

"என்ன சட்டியா தேய்க்கிறீங்க? கைய எடுங்க!"

"தார் போகலயே."

"தார் போகாட்டி இருந்துட்டுப் போகுது. என் சங்கிலியத்தான் தேய்க்கிறீங்க, தெரியுதா?"

சொல்லக் கூடாது என்றிருந்த வார்த்தை வந்துவிட்டது. அவர் தும்பைக் கீழே போட்டார். அவர் பம்பரைப் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். நான் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் தாரை எடுத்தேன். அது இலேசாக வந்துவிட்டது. முதலே தெரிந்திருந்தால் அந்தக் காயம் வந்திருக்காது. கண்ணாடிகளைப் பழைய பேப்பரால் துடைத்தேன். முன் விளக்குகளின் வளையத்தைப் பற்பொடியால் தேய்த்தேன். அது மினுங்கியது. என் முகம் அதில் சப்பையாகத் தெரிந்தது.

கடைசியில் ஒரு பிழை விட்டேன். மாட்டுக் கொம்புக்கு எண்ணெய் பூசினால் பளபளக்கும், கதவுக்குப் பூசினால் பளபளக்கும், காருக்கும் அப்படித்தானே என்று தேங்காய் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து முழுக்கத் தடவினேன். தடவிய நேரம் கார் புதுசாக நின்றது. பத்து நிமிசம்தான். சோளகக் காற்று கிளம்பியது. வயல் வரம்பிலிருந்தும் ஒழுங்கையிலிருந்தும் புழுதியை அள்ளிக்கொண்டுவந்து எண்ணெயில் ஒட்டியது. காருக்கு உடம்பெல்லாம் பூனை மயிர் முளைத்த மாதிரி இருந்தது. என் புருசன் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. மீதியிருந்த பனங்களியைக் கரைத்து, முதலிலிருந்து திரும்பக் கழுவினேன். மகளின் பாதிச் சவர்க்காரத்தையும் எடுத்து அதில் போட்டேன். அவள் சட்டை மஞ்சளாகப் போனால் போகட்டும் என்றிருந்தது.

நடுப்பகலுக்குள் சீற்றுகள் காய்ந்துவிட்டன. அவற்றைத் திரும்பப் பூட்டினோம். உள்ளே தரையில் சாக்கை வெட்டி, தோய்த்து, காயவைத்து விரித்திருந்தேன். அந்த நேரத்தில்தான் கமக்காரர் வந்தார்.

வயலிலிருந்து நேராக வந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். முழங்கால்வரை சேறு. அவர் மனுசி சொல்லியனுப்பியிருக்க வேண்டும். வாசலில் நின்று என் புருசனைப் பார்த்து, "காய்ச்சல் எப்பிடி?" என்று கேட்டார்.

என் புருசன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பதினொரு வருசமும் அவர் முன்னால் அப்படித்தான் நிற்பார்.

கமக்காரர் காரைச் சுற்றி வந்தார். விரலால் முன்பக்கப் பொனற்றைத் தொட்டுப் பார்த்தார். மட்காட்டில் நிறம் போன இடத்தைப் பார்த்து, "கழுதைக்குக் கற்பூரம் குடுத்த மாதிரி" என்றார். பிறகு சாரதிப் பக்கத்துக் கதவைத் திறக்கப் பார்த்தார். அது இறுகியிருந்தது. என் புருசன் ஓடிப்போய் இழுத்துத் திறந்துவிட்டார். அவர்தான் திறந்துவிட்டார். அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கமக்காரர் ஏறி இருந்தார். இரண்டு காலையும் சேற்றோடு என் சாக்கின் மேல் வைத்தார். ஸ்ரேறிங்கைப் பிடித்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"உந்தப் பின் சீற்றிலைதான் நான் மாப்பிள்ளையாய்ப் போனனான்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, என் புருசனைப் பார்த்தும் சொல்லவில்லை. "அண்ணைதான் ஓடினவர். சந்தியிலை சனம் மறிச்சுப் பன்னீர் தெளிச்சது." பிறகு குரல் மாறியது. "உனக்கு ஏன்ரா உது? நீ என்ன குடுத்தியோ அதைச் சொல்லு, நான் தாறன். காரை என்ரை கொட்டிலிலை விடு. தேவைப்பட்டா நீயே ஓடலாம். எனக்கு ஓடு."

என் புருசன் துண்டை முறுக்கினார். "இல்லீங்கையா..." என்றார். அதற்கு மேல் போகவில்லை. அவர் வாய் அடுத்ததாகச் "சரிங்கையா" என்று சொல்லப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. கல்யாணம் செய்து பத்து வருசம். அந்த முகத்தை எனக்குத் தெரியாதா?

"ஐயா, எறங்குங்க. இன்னும் கழுவி முடியல" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பொம்பிளையளோடை நான் கதைக்க வரேல்லை" என்று சொல்லி ஹோர்னை அமுக்கினார். பற்றரி இல்லாத கார். ஹோர்ன் அடிக்கவில்லை.

வாளியில் பனங்களித் தண்ணீர் மிச்சம் இருந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு போய், திறந்திருந்த கதவால் அவர் காலில் ஊற்றினேன். வீசவில்லை. வயலிலிருந்து வந்தவருக்குக் கால் கழுவ ஊற்றுகிற மாதிரி, மெல்ல, முழுவதையும் ஊற்றினேன். சேறு கரைந்து சாக்கில் இறங்கியது. முழங்காலில் கிடந்த அவர் சாரத்தின் விளிம்பு மஞ்சளாகியது. என் புருசன் "ஏய்!" என்றார். அதுதான் அன்றைக்கு அவர் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை. அதுவும் எனக்குத்தான்.

கமக்காரர் இறங்கினார். எனக்கு அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கையைச் சாரத்தில் துடைத்தார். என் புருசனைப் பார்த்து, "நாளைக்கு வேலைக்கு வராதை" என்றார். இரண்டு அடி போய்த் திரும்பினார். "இன்னொண்டு. உது உப்பிடி மினுங்கிக்கொண்டு வெட்டையிலை நிண்டா, ஆமி ஹெலிக்காரன் முதல் அடிக்கிறது உங்கடை கூரைக்கு. பிறகு என்ரை கூரைக்கு. புத்தியிருந்தாச் சேறு பூசு." போய்விட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்தாள். எட்டு வயது. காரைக் கண்டதும் புத்தகப் பையை நிலத்தில் போட்டுவிட்டு ஓடினாள். கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றவள் கையை வைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏறினா ஐயா ஏசுவாரா?" என்று கேட்டாள். அவளைத் தூக்கி உள்ளே வைத்தேன். வைத்த வேகத்தில் அவள் தலை கதவில் இடித்துவிட்டது. அழுதாள். அன்றைக்கு என் கை எதையும் மெல்லமாகச் செய்யவில்லை.

பின்னேரம் என் புருசன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய் ஒரு ஓலைக் கடகம் நிறையச் சேறு கொண்டுவந்து வைத்தார். அது எதற்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"பூசினா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்" என்றேன்.

"ஹெலிக்குத்தான் பூசுறேன்."

"அவன் சொன்னதுக்காகப் பூசுறீங்க."

"அவரு சொன்னா அது பொய்யாயிருமா? போன மாசம் லொறிய அடிச்சது எப்புடி? கண்ணாடி மினுங்கித்தானே கண்டான்?"

பதில் இல்லாத கோபம் மோசமானது. "ஒங்களுக்கு அவரு செருப்பக் குடுத்தாலும் தலையில வச்சுக்குவீங்க" என்றேன். அவர் கடகத்தைக் காருக்குப் பக்கத்தில் வைத்தபடியே விட்டுவிட்டு, போய்த் திண்ணையில்லாத எங்கள் வாசலில் மண்ணில் குந்தினார். வேலை போன மனிசனைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் காலை எட்டு மணிபோல ஹெலி வந்தது. ஆனையிறவுப் பக்கமிருந்து வந்த சத்தம். ஊரே பங்கருக்குள் இறங்கியது. எங்களுடையது முற்றத்து முருங்கைக்குக் கீழே, மூன்று பேர் ஒடுங்கி இருக்கக்கூடிய குழி. மகளை மடியில் அமுக்கிக்கொண்டு நான் குழி வாசலால் பார்த்தேன். காலை வெயிலில் கார் நின்றது. முன் கண்ணாடி மின்னி வெட்டியது. நான் பற்பொடி போட்டுத் தேய்த்த வளையங்கள் இரண்டும் கண் கூசின. வேலிக்கு அந்தப் பக்கம் கமக்காரர் வீட்டில் அவர் மனுசி பிள்ளையாரைக் கூப்பிட்டுக் கத்துவது கேட்டது. ஹெலி இரண்டு வட்டம் போட்டது. எங்கோ வயல் பக்கம் சுட்டது. எங்களுக்கு மேலால் தாழப் போனபோது மகள் என் கையைக் கடித்தாள். பல் பதிந்து இரத்தம் வந்தது. என் புருசன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நல்லது. பார்க்காமல் இருந்தது இன்னும் கூடச் சுட்டது.

ஹெலி போனதும் முதலில் வெளியே வந்தது நான். இரவு முழுக்கக் காய்ந்திருந்த சேற்றுக்குத் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். பொனற்றில் தொடங்கினேன். கூரை, கதவு, கண்ணாடி, வளையம் எல்லாவற்றுக்கும் பூசினேன். பூசப் பூச அந்தக் கமக்காரர் மேல் எனக்கிருந்த வெறுப்புக் கூடியது. பிழையான ஆள் சரியான ஒன்றைச் சொல்லிவிட்டால் அதைத் தாங்குவது கடினம். என் புருசன் வந்து மற்றப் பக்கம் பூசினார். முன் கண்ணாடியில் ஓட்டுவதற்கு ஒரு சாண் இடம் மட்டும் அவர் விட்டார்.

இரண்டு நாள் கழித்துக் கமக்காரரின் மனுசி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னா: "அந்தத் துண்டிலை மாட்டுக்கொட்டில் போடப்போறம். கிழமை முடிய முதல் எழும்புங்கோ." வழக்கமாக என்னை "பிள்ளை" என்று கூப்பிடுகிறவா, அன்றைக்கு ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் "எழும்புங்கோ" என்றா. மரியாதையாகத்தான் விரட்டினா.

என் சின்னம்மாவின் மகன் கனகராயன்குளத்தில் தோட்டம் செய்துகொண்டிருந்தான். அங்கே போவது என்று முடிவாகியது. என் புருசன் மூன்று நாள் காருக்குக் கீழேயே கிடந்தார். தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து காபரேற்றரைப் பிரித்துப் பூட்டி, ஒரு பழைய பற்றரியையும் வைத்தார். வெளிக்கிடுகிற நாளில் என் புருசன் ஒரு சின்னப் போத்தல் பெற்றோலை விட்டு, முன்னால் கைப்பிடி போட்டுச் சுழற்றினார். பத்துப் பதினைந்துதரம் சுழற்றிய பிறகு கார் இருமி, புகைத்து, ஓடத் தொடங்கியது. உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். ஒழுங்கை முழுக்கக் கறுப்புப் புகை. எஞ்சின் உதறலில் காய்ந்த சேறு பொனற்றிலிருந்து தகடு தகடாக உரிந்து விழுந்தது. சட்டி பானை, பாய், இரண்டு மூட்டை நெல்லு, கோழிகள், மகள், நான் என்று எல்லாம் பின்னால். கூரைக் கிடுகையும் விடாமல் மேலே கட்டினேன். அந்தக் காணியில் எங்களுடைய ஒரு ஓலைகூட இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

கமக்காரர் தன் வாசல் படலையடியில் நின்றார். கிட்ட வரும்போது கார் மெதுவாகியது.

"நிப்பாட்டாதீங்க" என்றேன்.

நிப்பாட்டினார். எஞ்சினை அணைக்காமல் இறங்கிப் போனார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "போயிட்டு வாறோங்கையா" என்றார்.

கமக்காரர் காரை ஒருதரம் பார்த்தார். திரும்பி உள்ளே போய்ப் படலையைக் கொளுவினார். என் புருசன் கொஞ்ச நேரம் அந்தப் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சின் நிற்கப் பார்த்தது. நான் பின்னாலிருந்து, "வண்டி நிக்கப்போகுது!" என்று கத்தினேன். ஓடிவந்து ஏறினார். கனகராயன்குளம் வரும்வரை நான் அவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அங்கே போயும் மூன்று நாள் கதைக்கவில்லை. சோற்றை வைத்துவிட்டு எழும்பிப் போவேன்.

கனகராயன்குளத்தில் எங்களுக்கு மட்டும்தான் கார் இருந்தது. பாம்பு கடித்தவர், பிள்ளைத்தாச்சி, காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தை என்று நேரம் காலம் இல்லாமல் வந்து கூப்பிட்டார்கள். பின் சீற்றை எத்தனைதரம் கழற்றிக் கழுவினேன் என்று எனக்குத் தெரியாது. வெளியே சேறு, உள்ளே கழுவல். அதற்கு என்ன போட்டால் எந்தக் கறை போகும் என்பதெல்லாம் பிறகு பழகிவிட்டது. ஆனால் என் புருசன் அங்கேயும் அப்படித்தான் இருந்தார். கூப்பிட வருகிறவர் யாராக இருந்தாலும் இறங்கி, துண்டை எடுத்து, கதவைத் திறந்துவிடுவார். நான் அதைக் கண்டால் உள்ளே போய்விடுவேன்.

அடுத்த வருசம் ஒரு நாள் மகளின் காலுக்குச் சப்பாத்து வாங்கப் புளியங்குளம் போனோம். சந்தியில் காரை நிற்பாட்டியிருந்தோம். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் கடை விறாந்தையில் நின்றுகொண்டு, "டேய் டிறைவர், இஞ்சை வாடா" என்று கையைக் காட்டினார். ஓமந்தைப் பக்கம் ஒரு செத்த வீட்டுக்குப் போக வேண்டுமாம். என் புருசன் துண்டில் கை வைத்தார். நான் பின்னால் மகளோடு இருந்து அதைப் பார்த்தேன். அந்த மனிசர் திரும்பவும் கூப்பிட்டார். என் புருசன் கையைத் துண்டிலிருந்து எடுத்து ஸ்ரேறிங்கில் வைத்தார். இறங்கவில்லை. நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வெயிலில் கொஞ்ச நேரம் போனது. பிறகு வேட்டிக்காரர் விறாந்தையிலிருந்து இறங்கி, ரோட்டைக் கடந்து, சாரதிப் பக்கத்துக் கண்ணாடியடிக்கு வந்து குனிந்தார்.

"தம்பி, ஹயர் வருவீரோ?" என்று கேட்டார்.

"வருவேன். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிட்டு வாறேன். நில்லுங்க" என்றார் என் புருசன்.